மைக்கில் ஊர் சொன்னவன்

இலங்கையில் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நல்லமுத்து. கத்தி பிடித்த அந்தக் கைக்கு மைக் பிடிக்கவும் வரும் என்பது நாற்பத்தெட்டாம் வருஷத்து மாரியம்மன் திருவிழாவில்தான் தெரிந்தது. மைக்செட் கொண்டுவந்த அட்டன் நகரத்துக்காரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ பேசுடா" என்று இவனைத் தள்ளிவிட்டார்கள். சவுக்கு மரத்தில் கட்டிய குழாயில் அவன் குரல் கிளம்பியதும், ரேடியோக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று அடுத்த தோட்டத்தார் ஓடி வந்தார்கள்.

அதன்பிறகு கல்யாணமா, திருவிழாவா, கூப்பிடு நல்லமுத்துவை! தேங்காய் கொடுத்தாலும் எண்ணெய் கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. ஊர் என்றால் பிறந்த லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு இல்லை. பாட்டன் இந்தியாவில் விட்டுவந்த ஊர். "சேலம் ஜில்லா, நாமக்கல், வீரய்யா குடும்பத்தார்!" என்று அவன் நீட்டி முழக்கினால், நாமக்கல் எந்தத் திசை என்றே அறியாத வீரய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

ஐம்பத்தேழாம் வருஷம் நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய் வானொலிக்காகக் குரல் தேர்வு கொடுத்தான். தேறிவிட்டான். பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு வந்தால் அறிவிப்பாளர் வேலை என்று கடிதம் வந்தது. அவன் மனைவி வேலாயி அந்தக் கடிதத்தை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். தோட்டத்துத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று நாற்பத்தெட்டில் சட்டம் வந்ததிலிருந்து மனுப்போட்டுத்தான் அதை வாங்கவேண்டும்; அவன் மனுப்போட்டு ஆறு வருஷமாகியிருந்தது. ஒருவழியாக விசாரணைக்கு அழைப்பு வந்தது.

மேசைக்கு முன்னால் போய் நின்றான். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "சொந்த ஊர் எது?"

பாவிப்பயலுக்கு அந்தக் கேள்வி போதாதா? மைக் முன்னால் நிற்பதுபோலவே கணீரென்று சொன்னான்: "திருச்சி ஜில்லா, முசிறிங்க!"

அதிகாரி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மனுதாரரின் ஊர் இந்தியாவில் உள்ளது, இங்கே நிலையாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. கொழும்பு வேலையும் அதோடு போயிற்று.

"சொந்த ஊருதானே கேட்டாங்க, அதத்தானே சொன்னேன்" என்றான், உடைந்த குரலில்.

"அந்த ஊர நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்றாள் வேலாயி. அவன் பிறந்தது அந்த லயத்தில். அப்பனைப் புதைத்தது அந்தத் தேயிலைக்கடியில். இதை அவனிடம் கேட்க அந்த விசாரணை மேசையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே!

அடுத்த திருவிழாவிலும் மைக் அவன் கையில்தான் இருந்தது. வரிசையாகப் பெயர்களையும் ஊர்களையும் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசிச் சீட்டு வேலாயி எழுதிக் கொடுத்தது.

"நல்லமுத்து, வேலாயி குடும்பத்தார்..."

அதோடு நின்றுவிட்டான். குழாய் வெறுமனே இரைந்தது.

"ஊரச் சொல்லுப்பா!" என்று கூட்டத்திலிருந்து வீரய்யா சத்தம் போட்டார்.

"ஊரு இல்லீங்க" என்றான். அந்த நல்ல குரலில் அது அடுத்த மலைவரைக்கும் கேட்டது. "எண்ணெய் ஒரு போத்தல்" என்று சொல்லி முடித்து, மைக்கை வீரய்யா கையில் கொடுத்தான். அறுபத்தைந்தாம் வருஷம் சாகும்வரை அவன் அதைத் திரும்ப வாங்கவே இல்லை.