பந்தலில் நான் ஊற்றிய தண்ணீர்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு கோடைக்கு முன்னால் நடந்தது இது. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் பக்கம் போகிற வண்டிப் பாதையில் எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபத்து மூன்றோ நாலோ வயது. கல்யாணமாகி ஆறு வருஷம். நான் செய்தது பெரிய தர்மம் என்று ஒரு வருஷம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். செய்தது என்னவென்று அதற்கப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் வீதிக்கு ஒரு படிக்கிணறு இருந்தது. கருங்கல் படி. இறங்கிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்று, கால் கழுவி, முகம் கழுவி, பிறகு குடத்தை அமுக்கி மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவோம். தண்ணீர் அவ்வளவு ருசி. ஊருக்குக் கிழக்கே எங்கள் காடுகளில் கூலிக்கு வருகிறவர்களின் தெரு. அவர்கள் எங்கள் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கென்று ஒரு குறுகலான ஆழக் கிணறு உண்டு. படி கிடையாது, கயிறு போட்டுத்தான் இறைக்க வேண்டும். அது உப்புத் தண்ணீர். இதெல்லாம் அப்போது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி, அதுவும் ஒரு நடைமுறை என்று இருந்தேன்.

கோடை வந்தால் எங்கள் வீதியில் நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கணுக்காலிலோ பாதத்திலோ ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்துக் கட்டிய மாதிரி எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். அதை இழுக்கக் கூடாது. ஒரு வேப்பங்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று பொறுமையாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முழம் நீளத்துக்கு மேல் வரும். நடுவில் அறுந்துவிட்டால் தொலைந்தது. கால் வீங்கிச் சீழ் வைத்து, சில பேருக்குக் கால் மடங்கியே போய்விடும். ஆண் பெண் என்று ஒரு வீடு விடாமல் யாராவது ஒருவர் குச்சியைக் காலில் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். உடம்புச் சூடு, அம்மன் கோபம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கிழக்குத் தெருவில் மட்டும் ஒருவருக்கும் வந்ததில்லை. "அவங்க உழைக்கற ஒடம்பு, அதான்" என்று என் மாமியார் சொல்லுவார். நானும் தலையை ஆட்டுவேன்.

அந்தப் பங்குனியில் எனக்கு வலது கணுக்காலில் வந்தது. குச்சியைச் சுற்றச் சுற்ற உயிர் போய் உயிர் வரும். அறுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருநாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். முழுசாக வந்துவிட்டால், வைகாசித் தேருக்கு மலைக் கோயில் போகிற ஜனத்துக்கு ஒரு மாசம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, என் கையாலேயே மொண்டு என் கையாலேயே ஊற்றுகிறேன் என்று. இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அறுபடாமல் முழுசாக வந்தது.

பந்தல் போட்டோம். புதுப் பானைகள், மணல் பரப்பி மேலே தென்னங்கீற்று, பானையில் வெட்டிவேர். தண்ணீர் தூக்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல். தினமும் விடிந்ததும் நானே இறங்கிப் பத்துப் பன்னிரண்டு குடம் மொண்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பந்தல் போட்ட நாலாம் நாளே என் இடது பாதத்தில் இன்னொரு கொப்புளம் வந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பந்தலை நிறுத்திவிடுவார்கள், வேண்டுதல் கெட்டுப்போகும் என்ற பயம். சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். கிணற்றில் இறங்கினால் குளிர்ந்த தண்ணீரில் எரிச்சல் அடங்கும். புண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஏதோ தண்ணீரில் கரைந்து போகும். விஷம் வெளியே போகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, மொள்ளும் வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அதிலேயே நிற்பேன்.

கிழக்குத் தெருக்காரர்களுக்குப் பந்தலில் மூங்கில் குழாய் வழியாகத்தான் தண்ணீர் விடுவது வழக்கம். முதல் நாள் அந்தக் குழாயை எடுத்து ஓரமாகப் போட்டேன். மாமியார் பதறிவிட்டார்.

"ஏ அம்மிணி, கொழாய எதுக்கு அங்க கடாசிப்போட்ட?"

"என்ர கையால ஊத்தறேன்னுதானுங்க அத்தை வேண்டிக்கிட்டேன். கொழா என்ர கையுங்களா?"

எனக்குள் ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பு. உள்ளதைச் சொன்னால், பாதி இரக்கம், பாதி வேண்டுதலில் குறை வந்துவிடக் கூடாதே என்ற கணக்கு.

அப்படி என் சொம்பிலிருந்து முதல் தண்ணீர் வாங்கியவள் எங்கள் கடலைக் காட்டில் களை வெட்ட வருகிற ஒரு பெண். என் வயதுதான். வாயாடி. அவள் வந்தால் களை வெட்டுகிற இடத்தில் சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். இரண்டு கையையும் குவித்து நீட்டிவிட்டு, குழாயைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். நான் சொம்பைச் சாய்த்ததும் ஒரு கணம் கையை இழுக்கப் பார்த்தாள். பிறகு குடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க தண்ணி வாயில வெச்சாக் கரிக்குமுங்க. இது எளநி மாதர இனிக்குதுங்க சாமி."

அந்த மாசம் முழுக்க, மத்தியானம் ஆனால் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அவளைப் பார்த்து அவள் தெருவில் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். தேருக்குப் போகிற கூட்டம் வேறு. எந்தெந்த ஊர் ஜனமோ, "உங்க குடி நல்லா இருக்கோணுமுங்க" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருஷம் வைகாசி பிறந்ததும் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சேலத்துக்காரர், மூக்குக் கண்ணாடி, வெயிலில் கறுத்த முகம், சிரிக்கத் தெரியாத மனுஷர். வீடு வீடாகப் போய்ச் சிலந்தி வந்தவர்களின் காலைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். மருந்து கொடுப்பார் என்று பார்த்தால், மருந்தே இல்லை என்றார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: போன வருஷம் சித்திரை, வைகாசியில் எங்கே தண்ணீர் குடித்தீர்கள்? இந்த வருஷத்துக் கால் வலிக்குப் போன வருஷத்துத் தண்ணீரை எதற்குக் கேட்கிறார் என்று நாங்கள் பெண்கள் சேர்ந்து கேலி செய்தோம். நேற்றுச் சாப்பிட்டது என்ன என்றே நினைவில்லை, போன வருஷத்துத் தாகத்தைக் கேட்கிறாரே என்று.

கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தூசி மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. புழு வருகிற புண்ணைத் தண்ணீரில் வைத்தால் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளை விடும். குப்பியில் துள்ளுகிற இந்தப் பூச்சி அந்தக் குஞ்சுகளைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். அது உடம்புக்குள்ளே வளர்ந்து காலுக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகும் என்றார். இருமடிப்புத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள், படியை அடைத்துச் சுவர் எழுப்பி உருளை போட்டுக் கயிற்றில் இறையுங்கள், ரெண்டே வருஷத்தில் நோய் போய்விடும் என்றார்.

மறுநாள் கிழக்குத் தெருவுக்கும் போனார். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் கேட்டார்.

"அந்தத் தெருவில இதுவரைக்கும் யாருக்குமே வந்ததில்லையாம். இந்த வருஷம் அஞ்சு பேருக்கு. அஞ்சு பேரும் குடிச்சது உங்க பந்தல்ல. அம்மா, பந்தலுக்குத் தண்ணி மொள்ள யார் கிணத்தில இறங்கினது?"

"நாந்தானுங்க."

"அப்ப உங்க கால் நல்லா இருந்ததா?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றேன். பொய். அவர் என் இடது பாதத்துத் தழும்பைப் பார்த்தார். நான் சேலையை இழுத்து மூடினேன். நோட்டை மூடிவிட்டார். மோர் அப்படியே இருந்தது.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. படியை அடைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பெரியவர்கள் எகிறிவிட்டார்கள்.

"இது அம்மனுக்குத் தீர்த்தம் எடுக்கற கெணறுங்க. பூசாரி எறங்கி, மூணு முழுக்குப் போட்டுத்தான் கும்பத்துல மொள்ளோணும். கயித்துல கட்டித் தொங்கவுட்டு எடுத்தா அது தீர்த்தமுங்களா?" என்றார் ஒருவர்.

பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. சுகாதாரக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்து, களை வெட்ட வருகிறவர்கள் சொன்னார்கள், பந்தலில் என் சொம்பில் முதலில் குடித்தாளே, அவளால் எழுந்திருக்க முடியவில்லை என்று. காலில் குச்சியைக் கட்டிக்கொண்டேதான் அவள் எங்கள் காட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வேலையை விட்டால் அடுப்பெரியாது. குனிந்து களை வெட்டும்போது கடலைச் செடியில் குச்சி மாட்டி, புழு அறுந்துவிட்டது. எங்கள் காட்டில், எங்கள் செடியில்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிழக்குத் தெருவுக்குள் போனேன். ஓலைக் குடிசைக்குள் கிடந்தாள். முழங்கால் வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. புண்ணின்மேல் சாணியும் சாம்பலும் குழைத்துப் பூசியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் புருஷன் எங்கே உட்காரச் சொல்வதென்று தெரியாமல் தவித்தான். நான் மண்தரையில் உட்கார்ந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன். என் காலில் புண் இருந்தது, தெரிந்தும் மறைத்தேன், அந்தக் காலோடுதான் இறங்கி மொண்டேன், உனக்கு இது வந்தது என்னால்தான் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேசாம எங்க கெணத்துத் தண்ணியவே குடிச்சிருக்கலாமுங்க. கரிச்சாலும் அது ஒண்ணும் பண்ணாது. நீங்க உங்க கையால குடுக்கறீங்களேன்னுதானுங்க சாமி குடிச்சேன்."

மறுநாள் எங்கள் வீட்டுக்காரரை விட்டு வண்டி கட்டச் சொல்லி, சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பாதி வழியிலேயே தாடை பூட்டிக்கொண்டதாம். உடம்பு வில்லாக வளைந்துவிட்டதாம். புண் வழியாக வில்வாத ஜன்னி ஏறிவிட்டது என்றார்களாம், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். திரும்பி வந்த வண்டியில் அவள் புருஷன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் ஊர்க் கூட்டம் எப்போது என்று நான் காத்திருக்கவில்லை. கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இரண்டு காலையும் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் "ஏ புள்ள!" என்று எழுந்து ஓடி வந்தார்.

"போன கோடையில இந்தக் காலோடதானுங்க கெணத்துல எறங்குனேன். நீங்க எல்லாரும் அதத்தான் குடிச்சீங்க. நம்ம வீதியில இப்பக் குச்சி கட்டிக் கெடக்கறவங்க எல்லாம் அந்தத் தண்ணியக் குடிச்சவங்க. அவளக் கொன்னது நான். இன்னும் யாரு சாகோணும், சொல்லுங்க" என்றேன்.

அடுத்த வாரம் படியை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். அம்மன் கும்பத்தை உருளைக் கயிற்றில்தான் மொண்டார்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் குடித்திருந்த தண்ணீருக்கு அடுத்த கோடையிலும் பல பேர் படுத்தார்கள். அதற்கடுத்த கோடையில் இரண்டே பேர். அப்புறம் எங்கள் வீதியில் யாரும் குச்சி கட்டவில்லை. கிழக்குத் தெருக்காரர்கள் அந்த உருளையைத் தொட இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கும் தண்டனை கிடைக்காமல் இல்லை. ரொம்ப காலத்துக்குக் கல்யாண வீட்டில் நான் சொம்பை நீட்டினால், "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று நகர்ந்துவிடுவார்கள். நியாயம்தான். எங்கள் ஊர்க்காரர்களையாவது எண்ணிவிடலாம். தேருக்குப் போகிற வழியில் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்களே, அவர்களில் எத்தனை பேர் எந்த ஊரில் காலை நீட்டிக் கிடந்தார்களோ, யாருக்குப் புழு அறுந்ததோ, அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. இன்னமும் துணியை இருமடிப்பாகப் போட்டுத்தான் பிடிக்கிறேன், பேத்திகள் சிரிக்கிறார்கள். வாசலுக்கு வந்து யாராவது தண்ணீர் கேட்டால் டம்ளரை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை, அவளைப் போலக் கொடுக்கிறவள் முகத்தைப் பார்த்துத்தான் குடிக்கிறார்கள்.