சிவப்பு ஸ்பிரிங்கின் மேல் மஞ்சள் பெயின்ட்

மஞ்சள் பெயின்டின் ஒரு செதில் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்நகத்தின் அளவுகூட இராது. வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டி உள்ள வாட்டர் வாஷ் கடையில் எங்கள் காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். முன்சக்கரத்தின் உட்புறம் அப்பியிருந்த செம்மண்ணைத் தண்ணீரின் வேகம் கரைத்து இறக்கியபோது, மண்ணோடு மஞ்சளும் உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் சிவப்பு தெரிந்தது. நான் குனிந்து ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டினேன். இன்னும் கொஞ்சம் மஞ்சள் கையோடு வந்தது. இன்னும் கொஞ்சம் சிவப்பு வெளிப்பட்டது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர், "என்னக்கா, துருப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அந்தச் செதிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

அந்தக் கார் அண்ணனுக்கும் எனக்கும் பொது. சிறிய உடல், அதற்குப் பொருந்தாத பெரிய எஞ்சின், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு. கடைத்தெருவில் சாதுவாகப் போகும், காலை அழுத்தினால் வேறு பிறவி எடுக்கும். அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறான். நான் அப்போது முதுகலை இறுதியாண்டு மாணவி; பேச்சுப்போட்டி எங்கே நடந்தாலும் கோப்பையோடு திரும்புகிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை இருவரும் கோவைப் பக்கம் உள்ள பந்தயத் தடத்துக்குப் போவோம். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. அவரவர் சொந்தக் காரை அவரவர் துணிச்சலுக்கு ஏற்ப ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்க்கலாம். டிராக் டே என்பார்கள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்த அண்ணன், "இது ஒனக்குத்தான்ட்டி வருது" என்று சொல்லி, ஸ்டியரிங்கை என்னிடமே விட்டுவிட்டான். வளைவுகளில் மட்டும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்சக்கரங்கள் பிடி இழந்து வெளியே நழுவியது. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

பழைய பேருந்து நிலையத்தின் பின்னால் பட்டறை வைத்திருக்கும் பாய் இரண்டு செட் வரவழைத்திருந்தார். சிவப்பு, காரில் ஏற்கெனவே இருந்ததைவிடச் சற்றுக் குட்டை, சற்றே கடினம். மஞ்சள், பந்தயத்துக்கென்றே செய்தது. மிகக் குட்டை, ஏறத்தாழ இரு மடங்கு கடினம். அண்ணன் சிவப்பின் பக்கம் நின்றான். நான் மஞ்சளின் பக்கம் நின்றேன். இத்தகைய பிணக்குகளைத் தீர்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா வகுத்த சட்டம் அது. இரு தரப்புக்கும் ஐந்தைந்து நிமிடம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீர்ப்பை வெளியாள் ஒருவர் சொல்வார். தோற்றவர் அந்தத் தீர்ப்பைத் தம் கையாலேயே நிறைவேற்ற வேண்டும். சுவருக்கு என்ன நிறம் என்ற வாதத்தில் தோற்ற அண்ணன், ஒரு கோடை முழுவதும் எனக்குப் பிடித்த நிறத்தை அடித்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதில் தோற்று, நானும் குழாய் வெட்டிப் பொருத்தியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் தோற்றதே இல்லை. என் பேச்சு வளர்ந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பட்டறையிலேயே வாதம் நடந்தது. பாய் நடுவர். டயர்களை அடுக்கி அப்பாவுக்கு இருக்கை போட்டிருந்தார்கள். அண்ணன் முந்தைய வாரமே காரை ஆலங்குளம் சாலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, முன்சக்கரங்களைத் தனியாகவும் பின்சக்கரங்களைத் தனியாகவும் ஏற்றி நிறுத்து, சீட்டு வாங்கி வந்திருந்தான். அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பேசினான். "முன்னால இம்புட்டு எடை, பின்னால இம்புட்டு. இந்த எடைக்கு மஞ்சள் சரியா அமுங்காது. அமுங்கி எந்திரிச்சாலும், நம்மகிட்ட இருக்க பழைய ஷாக் அப்சார்பரால அதப் பிடிச்சு நிறுத்த முடியாது. துள்ளும். தரையில நிக்காத சக்கரத்துக்கு ஏது பிடி?" இரண்டே நிமிடத்தில் அவனுக்குச் சொல்ல இருந்தது தீர்ந்துவிட்டது. மீதி மூன்று நிமிடத்தை வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்தான்.

நான் எழுந்தேன். "என் அண்ணன் காரை நிறுத்துவிட்டு வந்திருக்கிறார், நடுவர் அவர்களே! சிமென்ட் மூட்டைகளை நிறுக்கும் மேடையில் ஏறிய கார் என்ன சொல்லும்? தன் எடையைச் சொல்லும். தன் வேகத்தைச் சொல்லுமா? மெத்தை வேண்டுவோர் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். வளைவை வெல்ல வேண்டுவோருக்கு வளையாத எஃகு வேண்டும்!" பட்டறை வேலையாட்கள் கையிலிருந்த ஸ்பானரால் தகரத்தில் தட்டி ஆர்ப்பரித்தார்கள். ஷாக் அப்சார்பரைப் பற்றி அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பதை அப்போது யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானும் கவனிக்கவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "பாப்பா பேச்சுக்கு முன்னால ஒங்க எடைச்சீட்டு நிக்காது தம்பி. மஞ்சள்தான்" என்றார். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் அண்ணன்தான்.

தீர்ப்பை நிறைவேற்றுபவர் அருகில் நின்று கண்காணிப்பது எங்கள் வீட்டு வழக்கமன்று; அது அவர் வாக்கைச் சந்தேகிப்பதாகும். ஆகவே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த காரின் சக்கர இடுக்கில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. ஊருக்குள் வேகத்தடைகளில் அது மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. "இதுக்குத்தான் அம்புட்டுப் பயந்தியாண்ணே?" என்று அண்ணனைக் கேலி செய்தேன். அவன் சிரித்தான்.

அடுத்த டிராக் டேயில் கார் வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வினாடி குறைந்தது. மதிய உணவு நேரத்தில் தகரக் கொட்டகையின் கீழ் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். என் தேர்வின் நியாயத்தை, அடுக்கடுக்காக, ஒரு சொற்பொழிவாகவே விளக்கினேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, "எங்கிட்ட பழைய ஷாக்குதாங்க இருக்கு. பரவாயில்லீங்களா?" என்று கேட்டார். "துணிந்து போடுங்கள்" என்றேன். தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு இது காதில் விழுந்தது. அவன் தடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓராண்டு முழுவதும் நான் அந்தச் சொற்பொழிவைப் பல இடங்களில் நிகழ்த்தினேன்.

வாட்டர் வாஷ் கடையிலிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். "பாய், கார்ல இருக்கது எந்த ஸ்பிரிங்?"

பாய் கழிவுத்துணியில் கையை வெகுநேரம் துடைத்தார். "செத்த உக்காரு தாயி."

"உக்கார வரல பாய்."

"பாப்பாகிட்டச் சொல்லிருவோம்னு நான் அப்பவே சொன்னேன். ‘சொன்னா மறுபடி பேசுவா பாய், பேசினா மறுபடி நாம தோத்துருவோம்’னாரு ஒங்கண்ணன்." பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் நான்கு மஞ்சள் ஸ்பிரிங்குகள் உள்ளே இருந்தன. "திருப்பி அனுப்ப வேண்டாம்னுட்டாரு. என்னைக்காச்சும் நீ வந்து கேப்பேன்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெயின்ட் டப்பா வாங்கிட்டு வந்ததே அவியதான் தாயி."

அன்று மாலை அண்ணன் ஆலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றேன். கையிலிருந்த செதிலை நீட்டினேன். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "காரு நல்லாத்தான ஓடுச்சு?" என்றான்.

"அதுவாண்ணே கேள்வி?"

"ஒன்கூடப் பேசி ஜெயிக்க என்னால ஆகாது. ஒன்னைய அந்த மஞ்சள்ல ஓட விடவும் மனசு வரல. வேற என்னட்டி செய்யச் சொல்லுத?"

"என்னைய ஒரு தடவை தோக்க விட்டிருக்கலாம்ல?"

"தோத்தா ஒத்துக்கிடுவியா நீ?"

உள்ளே அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

வாதத்தில் என்னை வீழ்த்தியிருந்தால் நான் அழுதிருப்பேன்; இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்திருப்பேன்; பிறகு எழுந்திருப்பேன். அதற்கு எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இவர்கள் எனக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டு, நான் சொன்ன பொருளை மட்டும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். அன்றிரவு படுத்தபடி, பதின்மூன்று வயதுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் வென்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதன் அடியில் எந்த நிறம் இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து கை தட்டிய இருவரும் மனத்துக்குள், பேசி முடிக்கட்டும், நாம் செய்வதைச் செய்வோம் என்று எத்தனை முறை நினைத்தார்களோ? திருப்பூர்க்காரரின் எண் என்னிடம் இல்லை. அவர் என் சொல்லை நம்பி மஞ்சளைப் போட்டிருப்பார். நான் அறியாமலேயே என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டார்கள்.

"மஞ்சளை மாட்டு" என்றேன். வந்த ஞாயிறு, அண்ணனே சக்கரங்களைக் கழற்றி நான்கையும் மாற்றினான். மூன்று மணி நேரம், கையில் டார்ச்சோடு, ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துக்கொண்டு அவன் தலைமாட்டில் நின்றேன். ஒருமுறைகூட அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அந்த முறை தடத்துக்கு என் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு போனேன். உண்மை விளங்க மூன்று சுற்று போதுமானதாக இருந்தது. தடத்தின் சிறு மேடுகள் ஒவ்வொன்றிலும் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. எழுந்த சக்கரம் திரும்ப மறுத்தது. நான்காம் சுற்றில், இடப்பக்க வளைவொன்றில், காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு புழுதிக்குள் இறங்கியது. அடிபடவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, புழுதி அடங்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இரண்டு நிமிடத்தில் சொன்னது முழுவதும் சரி. அந்தத் தோல்வி எனக்கு உரியது. ஓராண்டுக்கு முன்பே, தகரத்தைத் தட்டி ஆர்ப்பரித்த அத்தனை பேருக்கும் முன்னால், என் கைக்கு வந்திருக்க வேண்டியது. அதை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியபோது அண்ணன் கேட்டருகே காத்திருந்தான். "எப்படிட்டி இருந்துச்சு?"

நீ சொன்னதுதான் சரி. மூன்றே சொற்கள். எத்தனையோ மேடைகளில் எதிரணியின் நல்ல கருத்தை மனமுவந்து ஏற்று அவையின் பாராட்டைப் பெற்றவள் நான். "நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவன் குனிந்து சக்கரத்தின் மேல்வளைவுக்குள் விரலை விட்டான். டயர் உரசிய தடம் புதிதாக இருந்தது. விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தான்; கைலியில் துடைத்துக்கொண்டான். "சரிட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மாதங்கள் ஆகின்றன. மஞ்சள் ஸ்பிரிங்குகள் காரில்தான் இருக்கின்றன. மாற்றச் சொல்லி அவன் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் இப்போது எதைப் பற்றியும் வாதம் நடப்பதில்லை. ஏதேனும் வேலையாக இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது நான் ஓட்டுகிறேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான். தூரத்தில் வேகத்தடை தெரிந்ததுமே அவன் கை மெல்ல எழுந்து கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பற்றுகிறது. நான் காரை ஏறத்தாழ நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்குகிறேன். அப்படியும் முதுகெலும்பு வரை அடி ஏறுகிறது.

"வலிச்சதாண்ணே?" என்கிறேன்.

"இல்லட்டி" என்கிறான். "நல்லாத்தான் இருக்கு."