சொந்தப் பாட்டைக் கேட்ட அக்கா

ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸ் தேய்க்கும்போது காதில் பழைய அமெரிக்க ப்ளூஸ் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாடகர்களில் சிலர் இளமையில் ஓரிரு இசைத்தட்டுகளில் பாடிவிட்டு வயல்வேலைக்குத் திரும்பியவர்கள். பல வருடம் கழித்து ரசிகர்கள் ஊர் ஊராகத் தேடிப்போய் அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கதைகளின் கிறுக்கில்தான் ஞாயிற்றுச் சந்தையில் ஒரு காசெட் வாங்கினேன். மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர்; பக்கத்தில் 'திருவிழா' என்று பேனாவில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு இளம்பெண்ணின் குரல். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டைக் கிண்டல் செய்து பாடியது. யார் இவள்? இரண்டு நாள் வேலையே ஓடவில்லை.

பாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனேன். தோட்டம் செம்பனையாகிவிட்டது, கோயில் மட்டும் மிச்சம். பூசாரி பாட்டைக் கேட்டதும் சிரித்தார்.

"இந்த அக்காவா? லூமுட் படகு ஜெட்டிகிட்ட நாசி லெமாக் விக்கிறாங்கலா."

சனிக்கிழமை லூமுட் போனேன். அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பாட்டைப் போட்டேன். வாழையிலையில் சோறு மடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரு இது? நல்லாத்தான் பாடுது."

"நீங்கதான் அக்கா."

கை நின்றுவிட்டது. "மறுபடி போடும்மா. அடுத்த அடி எனக்கு ஞாபகமே இல்ல."

மூன்று முறை கேட்டார். ப்ளூஸ்காரர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களிலும் சிலருக்குச் சொந்தப் பாட்டு மறந்துபோய், பழைய இசைத்தட்டைக் கேட்டுத்தான் திரும்பக் கற்றுக்கொண்டார்களாம்.

"எங்க, அவங்க பாட்டு ஒண்ணு போடு."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மொழி புரியல. ஆனா மொத அடியவே ரெண்டு தடவ பாடுறான். மூணாவதுலதான் விஷயத்துக்கு வாரான்."

"ஆமா அக்கா. ஏன்னு தெரியல."

"அடுத்த அடிய யோசிக்க நேரம் வேணும்லா! நின்ன எடத்துல கட்டிப் பாடுறவங்க எல்லாம் அப்படித்தான். நானும் இழுப்பேன்."

இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது உறைக்கவே இல்லை. காரில் ஈப்போ திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. செய்தவர்களில் ஒருவர் மட்டும், இரண்டாவது முறை பாடும்போது அடுத்த அடியைத் தேடிக் கொஞ்சம் திணறுகிற மாதிரி இருந்தது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.