குரக்கன் பால்

காத்தான்குடியில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருந்தவர் உம்மு குல்தூம். எனக்குக் குல்தூம் மாமி. அவருக்குப் பிள்ளை இல்லை என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஒருத்தனை வளர்த்து ஆளாக்கியவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ!

1926ஆம் ஆண்டு மாரியில் மாமி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்ததால் பயம். அவருடைய கணவர் கச்சி முகம்மது தறி நெய்கிறவர். கணவரின் தங்கை நஸீறாவும் அதே நேரம் கர்ப்பம். இருவருக்கும் மாமிதான் சமைத்தார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும். ஆற்று மீன் அன்று காலை பிடித்ததாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இல்லாவிட்டால் மீன்காரனுக்கு ஏச்சு விழும். முருங்கையிலையை அலசி அலசி எடுப்பார். பப்பாசியும் அன்னாசியும் வளவுக்குள் வரக் கூடாது. முதல் நாள் மிஞ்சிய கறி கோழிக்குத்தான்.

நஸீறா வாயைக் கட்டத் தெரியாதவள். மாங்காயை உப்பில் தோய்த்து ஒளித்து வைத்துத் தின்பாள். பிடிபட்டால் சிரிப்பாள்.

"மச்சி, உங்கள விட்டாத் தண்ணியையும் கழுவித்தான் தருவீங்க."

அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட மாமிக்குப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பிள்ளையை அடக்கி இரண்டு நாளில் அவருக்குப் பால் ஊறியது. மார்பு கல்லாகி வலியில் துடித்தார். மருத்துவிச்சி மல்லிகைப்பூவைக் குவித்து வைத்து மார்பை இறுகக் கட்டினாள். பூ வாட வாடப் புதுப் பூ. சில நாட்களில் பால் வற்றிப் போயிற்று. அவள் நல்லதற்குத்தான் செய்தாள். பால் கட்டிக் காய்ச்சலில் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் நஸீறா ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றுப்போட்டு, பிரசவக் காய்ச்சலில் கண்ணை மூடினாள். அதுதான் மஜீட். அவனுடைய வாப்பா ஏறாவூரில் வேறு பெண்ணைக் கட்டி அவள் வீட்டோடு போய்விட்டார். மாமி பிள்ளையைத் தூக்கிவந்து தன் மார்பில் போட்டார். அவன் சப்பிப் பார்த்துவிட்டு அழுதான். மறுநாளும் போட்டார், அதற்கு மறுநாளும் போட்டார். ஒன்றும் வரவில்லை.

என் உம்மா ஹவ்வா உம்மா அப்போது என்னைப் பெற்றுச் சில மாதங்கள்தான். என்னைப் பாயில் கிடத்திவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார். அப்படித்தான் மஜீட் எனக்குப் பால் தம்பி ஆனான்; நான் அவனுக்கு ராத்தா, அதாவது அக்கா. எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் பெற்றவளுக்குச் சமம், அவள் பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறப்பு. பால் குடிக்கும் நேரம் எங்கள் வீட்டில், மற்ற நேரமெல்லாம் அவன் மாமியின் மடியில்.

அவன் தலை நின்று உட்காரத் தொடங்கிய காலத்தில் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் குறைந்தது. அதன்பிறகு எல்லாம் மாமியின் கைதான். குரக்கன் என்னும் கேழ்வரகைக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளியும் வரை கழுவி, ஊற வைத்து, துணியில் முடிந்து முளைகட்ட வைப்பார். முளை எட்டிப் பார்த்ததும் அம்மியில் அரைத்துத் துணியில் பிழிவார். அந்த மெல்லிய துணியை அதற்கென்றே கச்சி முகம்மது மாமா நெய்து கொடுத்திருந்தார். பிழிந்து வரும் வெண்ணிறமான சாறுதான் குரக்கன் பால். அதைச் சிறு தீயில் கை எடுக்காமல் கிண்டிக் காய்ச்சி, ஆற்றி, கொதிநீரில் போட்டெடுத்த சங்கால் ஊட்டுவார். மிஞ்சியதை மறுபடி சூடாக்கித் தந்ததே இல்லை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகப் பிழிந்தார். பல் வந்ததும் அதில் மசித்த வாழைப்பழம், பிறகு முள் பார்த்து எடுத்த மீனும் குழைந்த சோறும். நோஞ்சானாகக் கிடந்தவன் உருண்டு திரண்டு எழும்பினான். முதலில் பேசிய சொல் 'உம்மா'. குல்தூம் மாமியைப் பார்த்துத்தான் சொன்னான்.

அவனுக்குக் குரல் உடைந்தபோது பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மாமனின் மனைவி மார்க்கப்படி அந்நியப் பெண். பருவம் வந்தவன் முன்னால் அவர் முகம் காட்டக் கூடாது. மாமி யாரோடும் வாதாடவில்லை. மார்க்கம் படித்த ஆலிமை எங்கள் வீட்டுக்கு வரவழைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஆலிமும் மாமாவும், இந்தப் பக்கம் மாமியும் உம்மாவும் நானும்.

"ஆலிம், நான் அவனுக்குப் பால் குடுத்திரிக்கன்," என்றார் மாமி.

"மார்புப் பாலா, உம்மா?"

"குரக்கன் பால். அதையும் பாலெண்டுதானே சொல்லுறம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.  ஆலிம் நல்ல மனிதர்; வழி தேடினார்.

"அவன் பொறந்த நாளையில மார்புல போட்டீங்களாமே. அப்ப பால் வந்து, வயிறு நிறைய அஞ்சு தரம் குடிச்சிருந்தா அவன் உங்கட மகன்தான். உங்கட சொல்லே போதும். நல்லா யோசிச்சு, அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க."

உம்மா மாமியின் கையை இறுகப் பிடித்தார். "ஓமெண்டு சொல்லுங்க குல்தூம்," என்று காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது. மாமி வீட்டு வாசலில் மஜீட் விறகு கொத்திக்கொண்டிருந்தான். மாமி வேலி இடுக்கால் அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லெ ஆலிம். ஒரு சொட்டும் வரல்ல."

அன்றே மஜீடின் பாயும் தலையணையும் எங்கள் வீட்டுக்கு வந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மாமி ஓமெண்டு சொல்லல்ல? ஆரு வந்து பாத்த?"

"பொய் சொல்லிப்போட்டு அவன்ட முகத்த எப்பிடிப் புள்ள பாக்குற?"

எனக்கு மார்க்கத்தோடு சண்டை இல்லை. ஆலிமோடும் இல்லை. சண்டையெல்லாம் அந்த மல்லிகைப் பூவோடுதான். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா? அந்தப் பூவை நான் இதுவரை தலையில் வைத்ததில்லை, என் கலியாணத்தில்கூட.

அதன்பிறகு அவன் சாப்பாட்டைத் தட்டில் வைத்து வேலியால் என்னிடம் தருவார். "மீன்ல முள்ளு இரிக்கி, பாத்துத் தின்னச் சொல்லு," என்பார், அவன் மீசை வைத்த பிறகும். யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடாகி ஊரே குரக்கன் தின்றபோது மட்டும் சிரித்தார்: "இப்ப எல்லாரும் என்ட மஜீட்ட சாப்பாட்டுக்கு வந்திட்டாங்க." அவன் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குப் பால் ஊட்ட என் உம்மாவை அழைத்தார்கள். உம்மா அழுதுகொண்டே ஊட்டினார். மாமி அடுப்படியில் அதே பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டுக்குக் குடிபோன பிறகும் மஜீட் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவான். திரைக்கு வெளியே இருந்து "உம்மா, நான் வந்திரிக்கன்," என்பான். திரைக்குக் கீழால் ஒரு கோப்பை குரக்கன் பால் வரும். கோப்பையைத் தள்ளும் கை மட்டும் தெரியும்.

1948 மாரியில் சளிக் காய்ச்சல் மாமியைக் கொண்டுபோனது. நாங்கள் குளிப்பாட்டினோம். மாமா தன் தறியில் நெய்த துணிதான் அவரைப் போர்த்திய கபன். முகத்தை மூடும் முன் பார்க்க வேண்டியவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். மாமா வந்தார், மாமியின் தம்பி வந்தார். மஜீட் வரவில்லை. அவன் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் வெளியே ஓடினேன்.

"வா மஜீட், ஒருக்காப் பாத்திட்டுப் போ."

"வேணாம் ராத்தா. உம்மா இவ்வளவு காலமும் காத்தத நான் கெடுக்க மாட்டன்."

உள்ளே முகத்தை மூடிவிட்டார்கள் என்று சத்தம் வந்தது. அவன் திரையைப் பார்த்தபடியே நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ராத்தா, உம்மாக்குத் தல நரைச்சிட்டா?"

"ஓம் தம்பி."

"முழுக்கவா?"

"முழுக்க," என்றேன்.