‘போட்டி’ என்று மட்டும் சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் என் மச்சினனைத் தோற்கடித்தேன். வீடியோ கேமில். இத்தனைக்கும் நான் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை...

செல்வம் என் மனைவியின் தம்பி. மம்சாபுரத்தில் இருக்கிறான். இருபத்தைந்து வயது. மில்லில் டெம்பரரி வேலை பார்த்தான், ஆட்குறைப்பில் அதுவும் போயிற்று. அவனுக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் வீடியோ கேம். டி.வி.யில் இரண்டு பொம்மை ஆட்கள் அடித்துக்கொள்வார்களே, அந்த கேம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கே தெரியும்.

ராஜபாளையத்தில் அவன் ஆடப் போகிற வீடியோ கேம் கடைக்காரர் ஒரு போட்டி அறிவித்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்டம். தோற்றவர் வெளியே. கடைசியில் நிற்கிறவருக்குக் கடையின் பழைய கேம் செட்டும் கேசட்டுகளும் பரிசு. செல்வம் மம்சாபுரத்தில் ஒரு சின்ன ரூமைப் பேசி வைத்துவிட்டான். செட் கிடைத்தால் சொந்தமாகக் கடை. கிடைக்காவிட்டால்? விலைக்கு வாங்க வழியில்லை. அவ்வளவுதான்.

அவனிடம் ஒரே குறை. முதல் ஒரு மணி நேரம் புலி. அப்புறம் கழுத்து பிடித்துக்கொள்ளும், கை வேர்க்கும், மூச்சு வாங்கும். “உக்காந்து ஆடுறதுக்கு எதுக்குலே மூச்சு வாங்குது?” என்று அவன் அக்கா சிரிப்பாள். நான் சிரிக்கவில்லை. கேட்காமலே யோசனை சொல்கிற வியாதி எனக்கு உண்டு என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

“மாப்ள, கோளாறு வெரல்ல இல்ல, உடம்புல. எக்சர்சைஸ் பண்ணு” என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஜிம் மாஸ்டர் ஒருவர். ஆணழகன் போட்டிகளுக்கு ஆட்களைத் தயார் செய்து செய்தே தலை நரைத்தவர். செல்வத்தை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

“மாஸ்டர், என் மச்சினன் ஒரு போட்டிக்குப் போறான். நீங்கதான் பாத்துக்கிடணும்.”

“எப்ப சார்?”

“மூணு மாசம் இருக்கு.”

“அம்புட்டு நாள் போதும். ஆளைச் செதுக்கிருதேன்.”

வீடியோ கேம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன்? வெட்கம்! பத்திரிகையில் எழுதுகிற மனுஷன், கல்யாண வயதில் இருக்கிற மச்சினனை இதற்காகவா ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு வருவான் என்று அவர் நினைத்துவிட்டால்?

“வீடியோ கேமுன்னு சொல்லிட்டீங்களா அத்தான்?” என்று வாசலில் செல்வம் கேட்டான்.

“எல்லாம் சொல்லியாச்சு” என்றேன்.

நம்பிவிட்டான். தினமும் விடியற்காலையில் மம்சாபுரத்திலிருந்து ஜிம்முக்கு ஓடியே வந்தான். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் - எக்சர்சைஸ் வேலை செய்தது. இரண்டாவது மாதமே நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஆடினான். மூச்சு வாங்கவில்லை. ராஜபாளையத்தில் அவனை ஜெயிக்க ஆள் இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவது பற்றிக்கூட என்னிடம் பேசினான். மாஸ்டர் நடுவில் போஸ் கொடுக்கவும் சொல்லித் தந்தாராம். ஜெயித்தால் போட்டோ எடுப்பார்கள், அதற்குத்தான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். உதடு காய்ந்திருந்தது.

“அத்தான், தாகம் தாங்கல. ஆட்டம் முடியுத வரைக்கும் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லுதாரு. சரிதானா?”

“அவர் சொன்னா செய்யி. அவருக்குத் தெரியாதா?”

இதைச் சொன்னவனும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் அவனைப் பார்த்தேன். உடம்பு முழுக்க எண்ணெய். சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. விடிந்ததிலிருந்து டம்பெல் தூக்கியதில் முன்கை இரண்டும் புடைத்திருந்தன.

“பம்ப் அடிச்சிட்டு வாரேன் அத்தான்!” என்றான் பெருமையாக.

மேடை ஏறுவதற்கு முன்னால் சதை எடுப்பாகத் தெரிவதற்காக ஆணழகன்கள் செய்கிற வேலை அது. எண்ணெய் பூசுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதற்குத்தான். மூன்று மாதமாக மாஸ்டர் எந்தப் போட்டிக்கு இவனைத் தயார் செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் சோடா வாங்கிக் கொடுத்தேன். துண்டால் கையைத் துடைத்துவிட்டேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிரே ஆட உட்கார்ந்தவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற ஒரு ஒல்லி மனிதர். செல்வத்தின் கட்டை விரல் வெடவெடவென்று நடுங்கியது. பட்டன் வழுக்கியது. முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில், “மாஸ்டர்ட்ட நீங்க சொல்லலையோ அத்தான்?” என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்...

செவ்வாய்க்கிழமை மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார், இல்லாவிட்டால் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“இதச் சொல்ல என்ன சார் வெக்கம்? போட்டின்னா எல்லாம் போட்டிதான? முன்னாடியே சொல்லிருந்தா ரெண்டு நாளைக்கு டம்பெல்லையே தொட விட்டிருக்க மாட்டேன். நல்லாத் தண்ணி குடி, நல்லாத் தூங்குன்னு அனுப்பிருப்பேன். கை நடுங்கக் கூடாதுல்லா?”

அவ்வளவு எளிமையான விஷயம். நான் அவரைத் தப்பாக எடை போட்டதற்கு இவன் கடையை இழந்தான். மம்சாபுரத்து ரூமை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

நேற்று வீட்டுக்கு வந்தான். வத்திராயிருப்பில் ஒரு ரைஸ் மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், போகப் போகிறானாம்.

“உங்களாலதான் அத்தான் உடம்பு தேறிச்சு. நெல்லு மூடை தூக்கணும்லா?” என்றான். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னான்.

வெட்கப்பட்டவன் நான், மூட்டை சுமக்கப் போகிறவன் அவன்.