பெட்டி சூடாக இருந்தது

முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, ஓடாத கம்ப்யூட்டரின் மேல் மெதுவாகக் கை வைத்துவிட்டு, அப்புறம்தான் பையைத் திறப்பார். அதனாலேயே அவருக்குப் 'புறங்கைக்காரர்' என்று பெயர். வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு.

"கடைசியா என்ன பண்ணீங்க?" என்று கேட்பார். உலகத்தில் யாருமே ஒன்றும் பண்ணியிருக்க மாட்டார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே, மேசைக்கு அடியில் கழன்று கிடக்கும் ஒயரை ஓசைப்படாமல் செருகிவிட்டு, ஏதோ பெரிய வேலை பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் திருகாணி திருகிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரருக்கு மானம் போகக் கூடாதாம். சொந்த வீட்டு மிக்சி மட்டும் மாதக்கணக்காகப் பழுது. மனைவி அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

அன்று மதியம் போன மாடி வீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய சின்ன மகளும் மட்டும். கணவனை விட்டுப் பிரிந்து வந்தவள். பிள்ளையின் படிப்புக்கென்று அவன்தான் ஓர் ஆள் மூலம் கம்ப்யூட்டர் கொடுத்தனுப்பியிருந்தான். வந்த ஆள் படுக்கையறையில் மாட்டி, வைஃபை போட்டுவிட்டு, பிளக்கை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிப் போனானாம். மறுநாளே திரை இருண்டுவிட்டதாம். பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் விளக்குகூட எரியவில்லையாம்.

மேசைக்கு அடியில் குனிந்து புறங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"எப்பலேர்ந்தும்மா ஓடலை?"

"ஒரு வாரமா பொணம் மாதிரி கிடக்குதுண்ணா."

மூடியைக் கழற்றினார். விசிறி இல்லாத சின்னப் பெட்டி, சத்தமே வராது. பொத்தானுக்கும் விளக்குக்கும் போகும் ஒயர்கள் தானாகக் கழன்றவை அல்ல. யாரோ கழற்றி, ஒழுங்காக மடித்து, டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. திரையை மட்டும் எங்கிருந்தோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எதற்கு என்றுதான் புரியவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். "நேத்து அவரு போன் பண்ணி, பாப்பாவுக்கு ராத்திரி இருமல் குறைஞ்சுதான்னு கேட்டாருண்ணா. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லை. எப்படித் தெரிஞ்சுதோ. அவ்வளவு பாசம் இருக்கும்போது திரும்பிப் போயிடலாமான்னு தோணுது."

அவர் நிமிர்ந்தார். திரையின் உச்சியில் இருந்த கேமராவுக்குப் பக்கத்தில், நகக்கண் அளவுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் லேசாக நிமிண்டினார். அடியில் பச்சை வெளிச்சம், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே விஷயம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பக்கம் தெரிந்தால், அவள் கணவன் நேராக வாசலில் வந்து நிற்பான். அதற்குமுன் இவள் பிள்ளையோடு இந்த வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். ஸ்டிக்கரைப் பழையபடி அழுத்தி ஒட்டினார்.

"போர்டு போயிடுச்சும்மா. இனி தேறாது. நான் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லிக்கொண்டே குனிந்து, பெட்டியின் மூடியைத் திரும்ப மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா பொம்மையோடு உள்ளே ஓடி வந்தாள். அவர் சட்டென்று எழுந்து, திரையோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார். இரண்டு கைகளாலும் சட்டையை அகலமாக விரித்துப் பிடித்தபடி, பிள்ளை நகர்ந்த பக்கமெல்லாம் தானும் நகர்ந்தார்.