இரத்தம் குடிக்கிற மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க, இரத்தம் குடிக்கிற ஒருவனை மாப்பிள்ளையாக எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்தது. பையன் வெளிநாட்டுக்காரன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு துறைமுக ஊர். வயது இருநூறுக்கு மேல் என்றாலும் பார்க்க இருபத்திரண்டு போலத்தான் இருப்பானாம். பெண் ரொட்டிக் கடையில் வேலை செய்பவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது முதல் பாகம். அதற்கப்புறம் தடித்தடியாக இன்னும் நான்கு பாகங்கள் இருந்தன.

உலகமே அந்தக் கதைக்குப் பைத்தியம் பிடித்துக் கிடந்த காலம் அது. அந்தப் பைத்தியத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் சித்தி. அம்மாவின் தங்கை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்து, எங்களோடு தங்கி, திருவண்ணாமலையில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள். காலை ஷிப்ட், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் அந்த நாயகனின் பெயரைப் பெஞ்சில் கீறி வைத்தார்களாம். மீதிப் பாதி அவர்களைக் கிண்டல் செய்ததாம். இதெல்லாம் இலக்கியமா என்று திட்டிய மேடமே ஓய்வு நேரத்தில் மூன்றாம் பாகத்தோடு மாட்டிக்கொண்டாராம்.

குளிர் காலத்தில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்கள் வெயில் ஏறியதும் ஊரைக் காலி செய்வார்கள். போகும்போது கனமான புத்தகங்களை லாட்ஜிலேயே விட்டுவிடுவார்கள். அவை செங்கம் ரோட்டில் இருந்த ஒரு பழைய புத்தகக் கடைக்கு வந்து சேரும். சித்திக்கு அங்கிருந்துதான் ஒவ்வொரு பாகமாகக் கிடைத்தது. பக்கத்தைப் புரட்டினால் யாரோ முகத்தில் பூசியிருந்த க்ரீம் வாசனை வரும். பனிக்கு அந்த வாசனைதான் இருக்கும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். மதியம் சாப்பாடு ஆனதும் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். ஒருவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர் மனைவி. மளிகைக்கடையம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். மற்றவள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த அக்கா. அவர்கள் ஹெம்மிங் செய்வார்கள், அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து நான் ஹூக்கு எடுத்துக் கொடுப்பேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். ஃபேன் நின்று, தெரு அடங்கி, அம்மாவின் கால்மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்குக் கண்கள் செருகும். ஒருநாள் சித்தி ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். ''அப்படி இன்னாடி இருக்குது அதுல? எங்களுக்கும் சொல்லேன்,'' என்றாள் அம்மா. அப்படித்தான் ஆரம்பித்தது.

சித்தி இங்கிலீஷில் ஒரு பக்கத்தை மனதுக்குள் படித்துக்கொண்டு தமிழில் சொல்வாள். தாழ்ந்த குரல். யாருக்கும் தெரியாததை நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருக்கும். நான் துணிக் குவியலில் சாய்ந்துகொண்டு கேட்பேன். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும். கேட்கக் கேட்க அதன் மேல் பனி விழுந்துகொண்டே இருக்கும். நாயகனின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முதலில் 'அந்தப் பையன்' என்றார்கள். இரண்டாம் பாகத்தில் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

மளிகைக்கடையம்மாவுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆனால் ஒருநாள் கூட வராமல் இருந்ததில்லை. அவர் சொன்ன குறை இரத்தம் பற்றியது அல்ல.

''பொண்ணு வூட்டுக்கு வரான், போறான். ஒரு வாய் சாப்பிட்டானா? கை நனைக்காதவன் கூட இன்னா சம்பந்தம்?''

''அவன் சாப்பிடற சாப்பாடு வேறம்மா,'' என்றாள் சித்தி.

''அதான் சொல்றேன். அவன் சாப்பாடு வேற, அவன் ஆளுங்க வேற.''

பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அவன் மேல் உயிர். உள்ளே வா என்று கூப்பிடாமல் அவன் யார் வீட்டு வாசலையும் தாண்ட மாட்டான். அதைக் கேட்ட அன்றைக்கு அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ''எங்க வூட்டு ஆளு ஒருநாள் கூட என்னை எதுவும் கேட்டதில்லக்கா,'' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஊசியைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். அவன் நல்லது செய்தால் மிஷின் மெதுவாக ஓடும், கெட்டது செய்தால் வேகமாக ஓடும். அது என்ன இரத்தம் என்று ஒருநாள் அவள் கேட்டாள். சித்தி கொஞ்சம் யோசித்து, ''ஆட்டு ரத்தம்க்கா,'' என்றாள். ''அடப்பாவமே, அதுக்கா இந்தப் பாடு? ஞாயித்துக்கிழமை நாம வெங்காயம் போட்டு வறுக்கறதுதானே!'' என்று அம்மா சிரித்தாள். அன்றைக்கு அவன் எங்கள் வீட்டுக்குப் பாதி வந்துவிட்டான்.

எனக்கு வேறு கவலை. வெயில் பட்டால் அவன் உடம்பு தாங்காதாம். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆக ஆரம்பித்ததுமே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மற்ற ஊர்களில் வெயில் அடிக்கும்போதே எங்கள் தெருவில் நிழல் வந்து படுத்துக்கொள்ளும். அவனுக்கு இதைவிடத் தோதான ஊர் எங்கே கிடைக்கும்? பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில், செருப்பில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு அவனும் நடந்து போவதை நான் கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பேன். அவனுக்கு மோர் கொடுப்பதா தண்ணீர் கொடுப்பதா என்பதில்தான் குழப்பம்.

நான்காம் பாகத்தை ஒரு அண்ணன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். சித்தியின் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவர். செங்கம் ரோட்டில் புத்தகம் கண்ணில் பட்டதாம், வாங்கி வந்தாராம். உச்சி வெயிலில் வாசலில் நின்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். நன்றாக வியர்த்திருந்தது. ஆகவே இவர் அந்த வகை இல்லை என்று முடிவு செய்தேன்.

''வெயில்ல ஏம்ப்பா நிக்கற, உள்ள வா. தண்ணி குடிச்சிட்டுப் போ,'' என்று அம்மா சொம்போடு எழுந்தாள்.

''இருக்கட்டும்க்கா.''

''எந்த ஊருப்பா நீ?'' என்றார் மளிகைக்கடையம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

''அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம்மா.''

''ஊரா, காலனியா?''

அவர் லேசாகச் சிரித்து, ''காலனிதாம்மா,'' என்றார்.

ஒரு மனிதனின் சாதியை வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற கேள்வி அது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கையிலிருந்த சொம்பு அங்கேயே நின்றதை மட்டும் பார்த்தேன். சித்தி எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை வெயிலில் கூடவே நின்றாள். அம்மா அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி இருந்தாள். பிறகு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கதை நடக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஏதோ கம்மியாகிவிட்டது. கதை மட்டும் நடந்தது. இந்த நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அம்மாவை நம்பிச் சித்தியை அவள் பொறுப்பில் விட்டிருந்தவர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு வரன் வந்திருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மதியம் கடைசிப் பாகத்தில் கொஞ்சம்தான் பாக்கி. அந்தப் பெண் அவனோடு போவதா வேண்டாமா என்ற இடம் வந்தது. போனால் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. சித்தி பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

''நீங்க சொல்லுங்க. அவ போலாமா, வேணாமா?''

கதை சொல்கிறவள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவசரம். மேலே படி சித்தி என்று காலைச் சுரண்டினேன்.

''போவக் கூடாது,'' என்றார் மளிகைக்கடையம்மா. ''பெத்தவங்க வெளியில தலை காட்ட முடியுமா? இத்தனை பாகமா நானும் இதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்.''

''போவட்டும்மா,'' என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அழுதுவிடுவாள் போலிருந்தது. ''கேட்டுக் கேட்டு நடந்துக்கற ஆளு இன்னொருத்தன் கிடைப்பானா?''

அம்மாவின் மிஷின் நின்றிருந்தது. வெளியே மலை நிழல் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ பஸ் ஹாரன் கேட்டு ஓய்ந்தது. எனக்குத் தூங்கிக்கொண்டே விழித்திருந்த மாதிரி இருந்தது.

''அவளுக்கு அவன்கிட்ட பயம் இல்ல,'' என்றாள் அம்மா கடைசியில். ''பயமெல்லாம் நமக்குத்தான். அவன் சாப்பிடலன்னா இன்னா, இவ சாப்பிடற வரைக்கும் எதிர்ல உக்காந்து பாத்துக்கினு இருக்கானே. போவட்டும்.''

''அவ அக்கா?'' என்றாள் சித்தி. ''அவளை வெச்சிக் காப்பாத்தின அக்கா ஒருத்தி இருக்கா. அவளைத்தானே எல்லாரும் கேப்பாங்க?''

அம்மா சித்தியைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ''கேப்பாங்க. கொஞ்ச நாளைக்கி அழுவா. அப்புறம் சரியாயிடுவா. அக்காதானே.''

சித்தி மேலே படிக்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். முகம் கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

அன்று சாயங்காலமே அம்மா ஒரு மெரூன் பட்டுத் துணியை வெட்டினாள். சித்திக்கு ஜாக்கெட். ஹூக்கு வைக்க என்னிடம் வந்தபோது உள்பக்கம் பார்த்தேன். தையலுக்கு உள்ளே துணி ஜாஸ்தியாக விட்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு மட்டும்தான் அம்மா அப்படி விடுவாள். கல்யாணத்துக்கப்புறம் உடம்பு பூசினால் பிரித்துக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமை வெறும் பெண் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று கேட்டேன். ''வேலையப் பாரு,'' என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தி எப்போதும் போலக் கல்லூரிக்குக் கிளம்பினாள். பை மட்டும் கனமாக இருந்தது. அம்மா தெருமுனை வரைக்கும் கூடப் போனாள், கொத்தமல்லி வாங்க என்று. திரும்பி வரும்போது கையில் கொத்தமல்லி இல்லை.

சாயங்காலம் ஆகியும் சித்தி வரவில்லை. மறுநாள் பெரிய மாமா வந்து கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அந்த ஜெராக்ஸ் கடைக்காரனோடு அவள் போனது உனக்குத் தெரியாமல் எப்படி நடக்கும் என்றார். அம்மா தலைகுனிந்து நின்று, தெரியாது, தெரியாது என்றே சொன்னாள். இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வெகு காலத்துக்கு மிதிக்கவில்லை. அப்பா மட்டும் எதுவும் கேட்காமல் அம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அவள் அதை ஆற வைத்துவிட்டு அழுதாள்.

வளர்ந்த பிறகு நான் அந்தப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். முதல் பாகத்தைப் பாதியில் மூடி வைத்தேன். அவன் எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுகிறான். அவளுக்கு அவனைத் தவிர உலகத்தில் வேறு ஜோலியே இல்லை. இப்படி ஒருத்தன் என் பின்னால் வந்தால் போலீசில் சொல்லிவிடுவேன். ஆனாலும் திரும்ப எடுத்து, ஐந்து பாகத்தையும் முடித்து, கடைசியில் அழவும் செய்தேன். இன்றைக்கும் யாராவது அந்தக் கதையைக் கிண்டல் செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்த பிறகு அவர்கள் மேல் கோபம் வருகிறது. அது பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அந்தக் கதையில் ஆடு எதுவும் கிடையாது. அவன் குடிப்பது ஆட்டு இரத்தமே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அக்காவும் கிடையாது. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சித்தி போன பிறகு கொஞ்ச நாள் மதியத்தில் யாரும் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அடுத்த வாரம் மளிகைக்கடையம்மாவும், சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரண்ட் போயிற்று. மிஷின் ஓடியது. மூன்று பேரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை.

''அந்தக் கதை இன்னாக்கா ஆச்சி?'' என்று அக்காதான் மெதுவாகக் கேட்டாள். ''அந்தப் பொண்ணு போயிட்டாளா?''

''போயிட்டா,'' என்றாள் அம்மா.

மளிகைக்கடையம்மா நிமிர்ந்து பார்த்தார். ''போயி?''

''நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.''

எனக்கு அம்மா மேல் எரிச்சலாக வந்தது. கடைசிப் பாகத்தைச் சித்தி தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவுக்கோ இங்கிலீஷில் தன் பெயரை எழுதுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது. படிக்காத கதைக்கு முடிவு சொல்லி இவர்களை ஏமாற்றுகிறாளே என்று நினைத்தபடி, ஹூக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.